சுண்டைக்காய் கால் பணம், பெட்டிக்கு முக்கால் பணம்

வாங்கும்போது பெட்டியில் தொங்கிய அட்டையில் 55 செ.மீ. என்றுதான் போட்டிருந்தது. விமான நிலையத்தில் கேட் அருகே, கைப்பெட்டியின் அளவு பார்க்க நிறுத்தியிருந்த இரும்புச் சட்டத்துக்கு அந்த அட்டையைப் பற்றி ஒன்றும் தெரியாது. மற்ற பக்கமெல்லாம் ஒழுங்காக இறங்கிய பெட்டி, சக்கரம் இருக்கும் பக்கம் மட்டும் இரண்டு விரல்கடை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. ஊழியர் வாக்குவாதம் எதுவும் செய்யவில்லை. கார்டு தேய்க்கும் கருவியை என் பக்கம் திருப்பி வைத்தார், அவ்வளவுதான். அன்றைக்கு டிக்கெட்டுக்குக் கொடுத்ததைவிடப் பெட்டிக்குக் கொடுத்தது அதிகம். 'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்று சொல்லிவைத்தவர்கள் பட்ஜெட் விமானத்தைக் கண்டதில்லை. ஆனால் கணக்கைச் சரியாகக் கண்டிருக்கிறார்கள்.

அந்த இரண்டு விரல்கடைக்காகத்தான் பணம் போயிற்று என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு விதிகளை உட்கார்ந்து படித்தபோதுதான் உறைத்தது. அதே பெட்டி, அதே விமானம், அதே இருக்கை. டிக்கெட் எடுத்த அன்றே அந்தப் பெட்டியைச் சேர்த்திருந்தால் தொகை அதில் பாதிகூட வந்திருக்காது. பட்ஜெட் விமானங்கள் பெட்டிக்கு விலை வைக்கும்போது அளவையும் எடையையும் பார்ப்பது உண்மைதான். ஆனால் அதைவிட அதிகமாகப் பார்ப்பது, நீங்கள் எப்போது சொல்கிறீர்கள் என்பதை.

ஒரு காலத்தில் டிக்கெட் என்றால் அதிலேயே பெட்டியும் அடக்கம். சாதாரண வகுப்புக்கு 20 கிலோ என்பது பல வழித்தடங்களில் எழுதப்படாத சட்டம்போல இருந்தது. அது உடைந்தது 2006-ல். ஐரோப்பாவில் பிளைபியும் ரயன்ஏரும் அந்த ஆண்டு, கீழே சரக்கறையில் போகும் பெட்டிக்குத் தனியாகக் காசு வாங்கத் தொடங்கின. கையை வீசிக்கொண்டு வருபவர் பெட்டியோடு வருபவருக்காக ஏன் செலவு செய்ய வேண்டும் என்பது அவர்கள் வைத்த வாதம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. 2008-ல் எரிபொருள் விலை எகிறியபோது அமெரிக்கன் ஏர்லைன்ஸ் முதல் பெட்டிக்கே 15 டாலர் என்று அறிவித்தது. அது பட்ஜெட் நிறுவனம்கூட அல்ல. மற்ற பெரிய நிறுவனங்களும் ஒன்றன்பின் ஒன்றாக அந்த வழிக்கு வந்தன. எரிபொருள் விலை பிறகு இறங்கியது, கட்டணம் இறங்கவில்லை. 2023-ல் அமெரிக்க விமான நிறுவனங்கள் பெட்டிக் கட்டணமாக மட்டும் வசூலித்தது 700 கோடி டாலருக்கு மேல். இரண்டு பெட்டி இலவசம் என்பதையே விளம்பரமாக வைத்துப் பல ஆண்டுகள் ஓட்டிய சவுத்வெஸ்ட்டும் 2025 மே 28 முதல் அந்த வழக்கத்தைக் கைவிட்டுவிட்டது.

இதில் வரி சமாச்சாரம் ஒன்றும் ஒளிந்திருக்கிறது. அமெரிக்காவில் உள்நாட்டு டிக்கெட் கட்டணத்தின்மேல் 7.5 சதவீத வரி உண்டு. தனியாக வாங்கும் பெட்டிக் கட்டணத்துக்கு அந்த வரி கிடையாது. அதாவது 100 டாலரை டிக்கெட்டாக வாங்குவதைவிட, 60 டிக்கெட், 40 பெட்டி என்று பிரித்து வாங்கினால் நிறுவனத்துக்கு லாபம்.

சரக்கறைக்குக் காசு என்றதும் பயணிகள் என்ன செய்வார்கள்? எல்லாவற்றையும் கைப்பெட்டியில் திணித்துக்கொண்டு மேலே ஏறினார்கள். 180 பேர் உட்காரும் விமானத்தில் தலைக்கு மேலுள்ள பெட்டகங்களில் 180 சக்கரப் பெட்டிகளுக்கு இடம் கிடையாது. போயிங் 737-800 ரகத்தில் தோராயமாக 90 பெட்டிகள்தான் போகும் என்று ரயன்ஏரே சொல்லி வந்தது. ஏறும் வரிசை நகராமல் நின்றது, கடைசியில் வந்தவர்களின் பெட்டிகள் கதவருகே பறிக்கப்பட்டுக் கீழே போயின. தாங்களே கிளப்பிவிட்ட இந்த நெரிசலுக்கு நிறுவனங்கள் கண்ட மருந்து, அதற்கும் ஒரு கட்டணம். 2010 ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்காவின் ஸ்பிரிட் நிறுவனம் மேல் பெட்டகத்தில் வைக்கும் பைக்கும் காசு கேட்டது. முன்கூட்டிக் கட்டினால் 30 டாலர், கேட்டில் வந்து கட்டினால் 45. அந்த 15 டாலர் வித்தியாசத்தைக் கொஞ்சம் பாருங்கள். பின்னால் வந்த எல்லாக் கட்டண அட்டவணைக்கும் கரு அதுதான். 2018 நவம்பரில் ரயன்ஏரும் இதே பாதைக்கு வந்தது. முன் இருக்கைக்கு அடியில் போகும் சின்னப் பை மட்டும் இலவசம், சக்கரப் பெட்டி வேண்டுமானால் தனிக் காசு.

எடைதான் காரணமா?

பெட்டி கனம், கனம் கூடினால் எரிபொருள் கூடும், அதனால் கட்டணம் என்று சொல்வார்கள். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விமானம் கூடுதலாகச் சுமக்கும் எடையில் மணிக்கு ஏறக்குறைய 3 சதவீதம் அளவுக்கு எரிபொருள் அதிகம் செலவாகும் என்பது துறையில் புழங்கும் தோராய விதி. 20 கிலோ பெட்டி, இரண்டு மணி நேரப் பயணம் என்றால் 1.2 கிலோ எரிபொருள், அதாவது ஒன்றரை லிட்டர். நீங்கள் கட்டும் கட்டணத்தோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள், எங்கே இருக்கிறது!

எடையைவிடப் பெரிய செலவு ஆளும் நேரமும். பெட்டியை வாங்க கவுன்ட்டர், கவுன்ட்டருக்கு ஊழியர், பெட்டியைப் பிரித்தனுப்பும் ஏற்பாடு, விமானத்தின் வயிற்றுக்குள் குனிந்து அடுக்கும் தொழிலாளர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் விமான நிலையத்துக்கும் ஒப்பந்த நிறுவனத்துக்கும் பணம் போகிறது. பட்ஜெட் நிறுவனங்களின் உயிர்நாடி விமானம் தரையிறங்கி மறுபடி கிளம்ப எடுக்கும் நேரம்; 25 நிமிடத்தில் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். ஒரு விமானம் ஒரு நாளில் கூடுதலாக ஒரு நடை போவதும் போகாமல் நிற்பதும் அந்த நிமிடங்களில்தான் இருக்கிறது. பெட்டிகள் குறைந்தால் அந்த நிமிடங்கள் மிச்சம். இது உண்மையான காரணம்தான், மறுக்கவில்லை.

ஆனாலும் இதுவே முழுக் காரணமாக இருந்தால் ஒரே பெட்டிக்குப் பல விலை இருக்காது. இணையத்தில் டிக்கெட் தேடும்போது பட்டியல் எந்த வரிசையில் வருகிறது? குறைந்த விலை முதலில். அந்தப் பட்டியலில் மேலே நிற்க வேண்டுமானால் டிக்கெட் விலையிலிருந்து கழற்றக்கூடிய எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். கழற்றியதை அடுத்தடுத்த திரைகளில் திரும்ப விற்க வேண்டும். ஸ்பிரிட் நிறுவனத்தின் பயணி வருமானத்தில் பாதிக்கு மேல் டிக்கெட் அல்லாத வழிகளில் வந்த ஆண்டுகள் உண்டு. அப்படிப்பட்ட நிறுவனத்தில் டிக்கெட் என்பது நுழைவுச்சீட்டு மாதிரி. வியாபாரம் உள்ளே நடக்கிறது.

ஏணியின் படிகள்

பேச்சுக்கு ஒரு கணக்கு. டிக்கெட் ஒரு வழிக்கு 100 என்று வைத்துக்கொள்வோம். டிக்கெட்டோடு சேர்த்து வாங்கினால் 20 கிலோ பெட்டிக்கு 40. பத்து நாள் கழித்து ஆப்பில் போய்ச் சேர்த்தால் 55. விமான நிலைய கவுன்ட்டரில் 80. கேட்டில் மாட்டிக்கொண்டால் அதற்கும் மேல். போக, வர இரண்டு வழி. எல்லாம் அடங்கிய முழுச்சேவை விமானம் இரண்டு வழிக்கும் சேர்த்து 360 கேட்கிறது என்றால், பட்ஜெட் டிக்கெட்டின் 200 பிரமாதமாகத் தெரியும். முதலிலேயே பெட்டி சேர்த்தவருக்கு 280. லாபம்தான். கவுன்ட்டர் வரை தள்ளிப்போட்டவருக்கு 360. முழுச்சேவை விமானத்தில் போயிருந்தால் அதே காசுக்குச் சாப்பாடாவது கிடைத்திருக்கும்.

எண்கள் கற்பனை, படிகள் கற்பனை அல்ல. ஏறக்குறைய எல்லா பட்ஜெட் நிறுவனங்களிலும் இதே ஏணி இருக்கிறது. மேலே ஏற ஏற விலை கூடுவதற்குக் காரணம் எளிது. டிக்கெட் எடுக்கும்போது உங்களுக்கு வேறு விமானம் பார்க்கும் வசதி இருக்கிறது. எடுத்த பிறகு அந்த வசதி குறைகிறது. கேட்டில் நிற்கும்போது கட்டு, இல்லையேல் பெட்டியை விட்டுவிட்டுப் போ என்ற இரண்டு வழிதான். பெட்டியின் கனம் இந்த மூன்று இடத்திலும் ஒன்றே.

கேட்டில் இவ்வளவு கறாராக நிற்கிறார்களே என்று ஊழியர்மேல் கோபம் வரும். அவர்களுக்கும் கணக்கு இருக்கிறது. 2024 நவம்பரில் அமெரிக்க செனட்டின் விசாரணைத் துணைக்குழு வெளியிட்ட அறிக்கையின்படி, ஃபிரான்டியரும் ஸ்பிரிட்டும் 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளில் விதி மீறிய பைகளைப் பிடிப்பதற்காக கேட் ஊழியர்கள் உள்ளிட்டோருக்கு 2.6 கோடி டாலர் ஊக்கத்தொகை கொடுத்திருக்கின்றன. ரயன்ஏர் இதை மறைப்பதே இல்லை. பிடிக்கும் ஒவ்வொரு பைக்கும் 1.50 யூரோவாக இருந்த ஊக்கத்தொகையை 2025 நவம்பரில் 2.50 யூரோவாக உயர்த்தப்போவதாக அதன் தலைவர் மைக்கேல் ஓ'லியரியே அறிவித்தார். இரும்புச் சட்டத்துக்குப் பக்கத்தில் நின்று கெஞ்சினால் இரக்கம் பிறக்குமா என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

எண்களைப் படிப்பது எப்படி

பட்ஜெட் விமானங்களில் சாமான் மூன்று வகை. இருக்கைக்கு அடியில் போகும் சின்னப் பை, தலைக்கு மேல் பெட்டகத்தில் போகும் கேபின் பெட்டி, கவுன்ட்டரில் கொடுத்துச் சரக்கறைக்குப் போகும் செக்-இன் பெட்டி. 'ஹேண்ட் லக்கேஜ் இலவசம்' என்று ஒரு இடத்தில் படித்துவிட்டு நம்பிப் போகிறவர்கள் பலரும் தடுமாறுவது முதல் இரண்டுக்கும் நடுவில்தான். இலவசம் என்று சொன்னது எதை என்று பாருங்கள்.

ஐரோப்பிய நிறுவனங்கள் பெரும்பாலும் அளவு பார்ப்பவை. ரயன்ஏர், விஸ் ஏர் இரண்டிலும் இலவசப் பைக்கு இப்போது 40×30×20 செ.மீ.; ஈஸிஜெட்டில் 45×36×20. ஆசிய நிறுவனங்கள் எடை பார்ப்பவை. ஏர்ஏசியாவில் பெட்டியும் சின்னப் பையும் சேர்ந்தே 7 கிலோ என்பது அடிப்படைக் கணக்கு. ஸ்கூட் நிறுவனத்தில் அது 10 கிலோ. இந்த வேறுபாடு சின்னதாகத் தோன்றும். பெட்டி வாங்கும் விதத்தையே மாற்றிவிடும். அளவு பார்க்கும் இடத்தில் கனமான மடிக்கணினியும் புத்தகங்களும் ஒரு பொருட்டே இல்லை. எடை பார்க்கும் இடத்தில், சக்கரமும் கைப்பிடியும் வைத்த பெட்டி காலியாகவே இரண்டரை, மூன்று கிலோவைத் தின்றுவிடும். 7 கிலோவில் உங்களுக்கு மிஞ்சுவது நான்கு கிலோ. துணிப்பை எடுத்துப் போகிறவர் அங்கே புத்திசாலி.

அளவைக் குறிப்பிடும்போது சக்கரம், கைப்பிடி, வெளிப் பாக்கெட் எல்லாம் சேர்த்துத்தான். பெட்டி விற்பவர்கள் உடம்பை மட்டும் அளந்து அட்டையில் போட்டுவிடுகிறார்கள். என் கதை அதுதான். இன்னொரு தவறு, காலிப் பெட்டியை அளப்பது. துணி திணித்த பிறகு முன்பக்கம் வயிறு தள்ளும். அந்த வயிற்றோடு அளக்க வேண்டும். எடை பார்க்கத் தனிக் கருவி இல்லையென்றால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள், பிறகு பெட்டியில்லாமல் ஏறுங்கள், கழித்துக்கொள்ளுங்கள்.

சரக்கறைப் பெட்டிக்கும் இரண்டு முறை உண்டு. ஒன்று எடை முறை: மொத்தம் 25 கிலோ வாங்கினீர்கள் என்றால் அதை ஒரே பெட்டியிலோ இரண்டிலோ பிரித்துக்கொள்ளலாம். மற்றது எண்ணிக்கை முறை: ஒரு பெட்டி, அதில் 23 கிலோ. இந்த முறையில் 12 கிலோவில் இரண்டு பெட்டி கொண்டுபோனால் மொத்தம் 24 தானே என்று வாதாட முடியாது. இரண்டாவது பெட்டிக்குத் தனிக் கட்டணம். டிக்கெட்டில் 20கே என்று இருந்தால் எடை முறை, 1பிசி என்று இருந்தால் எண்ணிக்கை முறை, 0பிசி என்றால் ஒன்றும் கிடையாது. எந்த முறையானாலும் ஒரே பெட்டியில் 32 கிலோவைத் தாண்ட ஏறக்குறைய எங்குமே விடமாட்டார்கள். காசு கொடுத்தாலும்தான். அது வருமானத்துக்கான விதி அல்ல, தூக்குகிறவரின் முதுகுக்கான விதி.

ஒரே முன்பதிவில் போகும் குடும்பத்தினர் கிலோவைப் பகிர்ந்துகொள்ளச் சில நிறுவனங்கள் விடுகின்றன, சில விடுவதில்லை. விடும் இடத்தில் நான்கு பேருக்கு நான்கு 20 கிலோ வாங்காமல் மூன்று வாங்கினாலே போதும். தனித்தனியாக டிக்கெட் எடுத்திருந்தால் இந்தச் சலுகை போச்சு.

கட்டணம் ஒரு ஆளுக்கு, ஒரு வழிக்கு என்பதையும் மறக்க வேண்டாம். போகும்போது சேர்த்த பெட்டி வரும்போது தானாக வந்துவிடாது. நடுவில் விமானம் மாறும் பயணத்தை இரண்டு தனி டிக்கெட்டாக எடுத்திருந்தால் சிக்கல் இரட்டிப்பு. முதல் விமானத்தில் 30 கிலோ இலவசமாக இருக்கலாம்; இரண்டாவது பட்ஜெட் விமானத்துக்கு அது செல்லாது. நடுவில் இறங்கி, பெட்டியைப் பெல்ட்டிலிருந்து எடுத்து, மறுபடி வரிசையில் நின்று கொடுக்க வேண்டும். அந்த நாட்டுக்குள் நுழைய விசா வேண்டியிருந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். ஒரே டிக்கெட்டில் இரண்டு நிறுவனங்கள் வந்தால் எந்த நிறுவனத்தின் விதி என்பதை டிக்கெட்டே சொல்லும். அங்கே கவலை குறைவு. முகவர் தளங்களில் டிக்கெட் எடுத்தால் பெட்டியை மட்டுமாவது நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் என்ன விலை என்று பார்த்துவிட்டுச் சேர்ப்பது நல்லது. விலை வேறாக இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

2014 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றத்தில் ஸ்பெயினின் வுவெலிங் நிறுவனம் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் தீர்ப்பு வந்தது. சரக்கறைப் பெட்டிக்குக் கட்டணம் வாங்கலாம். கைச்சாமான் என்பது பயணத்தின் தவிர்க்க முடியாத பகுதி, அளவும் எடையும் நியாயமாக இருக்கும்வரை அதற்குக் கூடுதல் கட்டணம் கூடாது என்றது நீதிமன்றம். அந்த 'நியாயமாக' என்ற சொல்லுக்கு எத்தனை செ.மீ. என்று யாரும் எழுதிவைக்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டுதான் இன்றுவரை சண்டை. இருக்கைக்கு அடியில் போகும் பையை இலவசமாக விட்டுவிட்டோமே, அது போதாதா என்பது நிறுவனங்களின் வாதம். போதாது என்று சொல்லித்தான் ஸ்பெயின் நுகர்வோர் அமைச்சகம் 2024 நவம்பரில் ரயன்ஏர், வுவெலிங், ஈஸிஜெட், நார்வீஜியன், வொலோட்டியா ஆகிய ஐந்துக்கும் சேர்த்து 17.9 கோடி யூரோ அபராதம் போட்டது. ரயன்ஏருக்கு மட்டும் ஏறக்குறைய 10.8 கோடி. நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. 2025-ல் ஐரோப்பிய நிறுவனங்களின் சங்கம் இலவசப் பைக்குப் பொது அளவாக 40×30×15 செ.மீ. என்று அறிவித்தது. விட்டுக்கொடுத்ததுபோலத் தெரியும். ஆனால் அதன் தடிமன் 15 செ.மீ. என்பதைக் கவனியுங்கள், ஒரு தடித்த மடிக்கணினிப் பை, அவ்வளவே.

கட்டணம் கட்டக்கூடாத சில விஷயங்கள் தெளிவாக இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006-ம் ஆண்டு விதிப்படி மாற்றுத்திறனாளிகளின் சக்கர நாற்காலி போன்ற நடமாட்டக் கருவிகள் இரண்டுவரை இலவசம். குழந்தையின் மடக்கு வண்டியைப் பெரும்பாலான நிறுவனங்கள் காசு வாங்காமல் ஏற்றுகின்றன.

பெட்டி தொலைந்தால் பட்ஜெட் விமானம் என்பதால் பொறுப்பு குறைந்துவிடாது. சர்வதேசப் பயணங்களுக்கான 1999-ம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கை 10 டாலர் டிக்கெட்டுக்கும் ஆயிரம் டாலர் டிக்கெட்டுக்கும் ஒன்றுதான். 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கான உச்சவரம்பு 1,519 எஸ்டிஆர். அது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு, தோராயமாக 2,000 டாலர். பெட்டி உடைந்திருந்தால் 7 நாளுக்குள், தாமதமாகக் கிடைத்திருந்தால் கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். பெல்ட்டில் பெட்டி வரவில்லை என்றால், புகார் பதிவு எண் வாங்காமல் அந்தக் கூடத்தைவிட்டு வெளியே வராதீர்கள். பெட்டிக்குக் கட்டிய கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 2024 அக்டோபரிலிருந்து இருக்கிறது: உள்நாட்டு விமானம் இறங்கி 12 மணி நேரத்துக்குள் பெட்டி வரவில்லையென்றால் அந்தக் காசு உங்களுடையது.

கேட்டில் பெட்டியை வாங்கிக் கீழே அனுப்பும்போது காசைத் தவிர இன்னொரு கண்டமும் இருக்கிறது. பவர் பேங்கும் உதிரி லித்தியம் பேட்டரியும் சரக்கறைக்குப் போகவே கூடாது, கையோடுதான் இருக்க வேண்டும். அதிலும் பேட்டரியின் கொள்ளளவு 100 வாட்-மணிவரைதான் கேள்வியில்லாமல் அனுமதி, 160 வரை நிறுவனத்தின் சம்மதம் வேண்டும். மேலே எடுத்துப் போகத்தானே என்று நம்பி எல்லாவற்றையும் அடுக்கியிருப்போம். அன்றைக்குக் கார்டைத் தேய்த்து முடித்த பிறகு ஊழியர் முதன்முறையாக வாயைத் திறந்து கேட்டதும் அதைத்தான்: "பவர் பேங்க் இருக்கிறதா?" இருந்தது, அடியில், துணிகளுக்குக் கீழே. இரும்புச் சட்டத்துக்குப் பக்கத்திலேயே மண்டிபோட்டு உட்கார்ந்து பெட்டியைத் திறந்தேன். மாத்திரை, கண்ணாடி, சார்ஜர், பவர் பேங்க் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டைப் பையிலும் கால்சட்டைப் பையிலும் திணித்துக்கொண்டிருக்க, வரிசை என்னைச் சுற்றி நகர்ந்து போய்க்கொண்டிருந்தது. போனவர்களில் ஒருவர் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று சட்டை போட்டிருந்தார்.